பிரதீக்ஷ என்றால் தமிழில் என்ன?

1

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இந்த ஆவணியோடு இருபத்தைந்து வருஷம் முடிகிறது. கோவில்பட்டியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களில் ஒருத்தி கனடாவில் இருக்கிறாள், இன்னொருத்தி துபாயில். மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளும்போது வெளியூர்க் கஷ்டம் என்று நான் வாயைத் திறந்தாலே இரண்டு பேரும் சிரிப்பார்கள். "நீ இருக்கது ஒரு ராத்திரி ரயில் தூரத்துல. ஒனக்கு என்னட்டி கஷ்டம்? விசாவா, பனியா?" என்பார்கள்.

நியாயம்தான். எனக்கு விசா இல்லை, பனி இல்லை. மழைதான், அதுவும் வருஷத்தில் பாதி நாள். ஆனால் கனடாக்காரிக்குத் தனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது என்பதாவது தெரிந்திருந்தது. அதனால் வகுப்பில் சேர்ந்து படித்தாள். எனக்கு இங்கே காதில் விழுகிற சொல்லெல்லாம் தெரிந்த சொல்லாகவே இருந்தது. அதுதான் தொல்லை.

வந்த புதிதில் ஒரு சாயங்காலம் ஊர் ஞாபகம் வந்து வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மேரி சேச்சி வந்து தோளைத் தொட்டு, "எந்தா மோளே, விஷமம் உண்டோ?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒரு விஷமமும் பண்ணலையே!" என்று இன்னும் சத்தமாக அழுதேன். இங்கே விஷமம் என்றால் வருத்தம் என்று என் கணவர் கணேசன் வந்து சொல்கிறவரை மேரி சேச்சிக்கு நான் ஏன் கோபப்பட்டேன் என்றே புரியவில்லை. அதேபோல "குழப்பமில்ல" என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். ஊரிலிருந்து வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, "யாரு குழம்புனா?" என்று திரும்பக் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட கதைகளை ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த வருஷம் நடந்ததைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இது. அந்தச் சொல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன்.

2

முத்துராஜ் அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். கோவில்பட்டியிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் வாலிப வயதிலிருந்து கண்டக்டர். எந்தக் கிழவி எங்கே இறங்குவாள், யார் இறங்காமல் தூங்கிப்போவார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எந்த மரத்தடியில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சத்தமான ஆள். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் தெருவுக்கே தெரியும்.

பஸ் முதலாளி வயதாகிவிட்டதென்று வண்டிகளை விற்றார். வாங்கியவர் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். அதே வருஷம் மதினி சர்க்கரையில் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் சதீஷ் மஸ்கட்டுக்குப் போனான். முதலில் வாரம் ஒரு தடவை கூப்பிட்டவன் பிறகு மாசம் ஒரு தடவை கூப்பிட்டான். அண்ணன் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். நான் போன் போட்டால், "எனக்கென்ன, நல்லாருக்கேன்" என்பார். ஒரு நாள் மட்டும், "சாப்பாடு எறங்க மாட்டேங்குது செல்வி" என்றார். அவ்வளவுதான். நான் விடாமல் நச்சரித்து இங்கே வரவழைத்தேன்.

எர்ணாகுளம் ஸ்டேஷனில் இறங்கியவரை நான் கடந்து போய்விட்டேன். சட்டை மட்டும் வந்து நிற்பதுபோல் இருந்தது. "என்னளா, என்னைத் தெரியலயா?" என்று அவர்தான் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். எல்லாமே நார்மல். ஒவ்வொரு டாக்டரும் "குழப்பமில்ல" என்றார். வீட்டில் இரண்டு கவளத்துக்கு மேல் அவர் சாப்பிடவில்லை. என் கணவர் பஜாரில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பதால் அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம். "மச்சானுக்கு கேஸ் டிரபிள்தான். வேற ஒண்ணும் அல்ல. நீ வெறுதே டென்ஷன் ஆகண்டா" என்றார்.

சாயங்காலங்களில் அண்ணன் தோப்பும்படி ஜங்ஷனுக்கு நடந்துபோய் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெயர்ப்பலகை எல்லாம் மலையாளத்தில். "எந்த வண்டி எங்க போவுதுன்னே தெரியாம நிக்கேன் செல்வி. ஒரு பொம்பளப் புள்ள வந்து எங்க போணும்னு கேக்கா. எங்கயும் போவேண்டாம்னேன்" என்றார் ஒருநாள். நான் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

என் மகள் அபிநயாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இருபத்துமூன்று வயது. காக்கநாட்டில் ஐ.டி. கம்பெனியில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய், இருட்டிய பிறகு வருகிறாள். தமிழ் பேசுவாள். ஆனால் முதலில் மலையாளத்தில் நினைத்துக்கொண்டு அதைத் தமிழாக மாற்றுகிறாள் என்பது கேட்கும்போதே தெரியும். ஊர்ப் பெயர்ப்பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். எனக்கு அது தீராத குறை. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் உட்கார வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். "இது எனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டுக் கேட்டே நழுவிவிட்டாள். அவளுக்கும் எனக்கும் இடையில் பேச்சே குறைந்துபோனதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம்.

அண்ணன் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். அபி ஒரு வாய் வைத்ததும், "ஒரு ரக்ஷயுமில்ல!" என்றாள். அண்ணன் பதறி, "என்ன சொல்லுதா?" என்றார்.

"தப்பிக்க வழியே இல்லன்னு அர்த்தம் மாமா. அவ்வளவு நல்லா இருக்குன்னு."

"தப்பிக்க வழியில்லைனா நல்லா இருக்குன்னு அர்த்தமா? என்ன ஊருட்டி இது!"

வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

3

கடைசியில் ஒரு டாக்டர், உடம்பில் ஒன்றும் இல்லை, மனசைப் பார்க்கலாம் என்று கவுன்சலிங் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஓர் ஆஸ்பத்திரி, எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி வரிசை. அபி அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். எங்கள் முறை வரும் நேரத்தில், அண்ணனின் ஆதாரில் தமிழ்நாட்டு விலாசம் இருப்பதால் வேறு கவுண்டரில் போய் ஒப்புதல் வாங்கிவரச் சொன்னார்கள். அந்தக் கவுண்டரில் இன்னொரு கவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே ஒருவர்தான் கூடப் போகலாம் என்பதால் மொழிபெயர்க்க அபி போனாள்.

நான் திரும்பி வந்தபோது இருவரும் வெளியே நின்றிருந்தார்கள். அபியின் கையில் ஒரு சீட்டு. எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரை உடனே பார்க்க வேண்டும், அதுவரை அவரைத் தனியாக விடக்கூடாது என்று அதில் இருந்தது. 

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். அண்ணன் நடுவில்.

"என்னட்டி கேட்டாங்க உள்ள? நீ என்ன சொன்னே?"

அபி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நிறைய கேட்டாங்க. ஒறக்கம், பசி எல்லாம். பின்னே, பிரதீக்ஷ ஒண்ணும் இல்லன்னு தோணுதான்னு கேட்டாங்க."

"அதுக்கு?"

"பிரதீக்ஷன்னா எதிர்பார்ப்புதானே? மாமாக்கிட்ட எதிர்பார்ப்பு ஒண்ணும் இல்லையான்னு கேட்டேன்."

அண்ணன் குறுக்கே வந்தார். "ஆமா, ஒண்ணும் இல்லன்னேன். சரியாத்தான சொன்னேன்? யாருகிட்டயும் ஒண்ணும் எதிர்பாக்கக் கூடாதுல்லா. பெத்த புள்ளகிட்டயே எதிர்பாக்கக் கூடாது."

எனக்கு அங்கேயே வெடித்துவிட்டது. நம் ஊரில் ஒருவர், எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை என்று சொன்னால் அது பெருந்தன்மை. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அதையே மலையாளத்தில் 'பிரதீக்ஷயில்ல' என்று மாற்றினால், வாழ்க்கையில் பிடிப்பே போய்விட்டது என்றாகிவிடுகிறது. என் அண்ணன் பெருந்தன்மையாகச் சொன்ன பதிலை வைத்து அவரை மனநோயாளி என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதுவும் யாரால்? தமிழ் படி படி என்று நான் தலையில் அடித்துக்கொண்டும் படிக்காத என் மகளால்.

"ஒனக்குத் தெரியலைன்னா வெளிய வந்து எங்கிட்ட கேட்டுருக்கலாம்ல? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம ஒன் மாமாவ எங்க கொண்டுபோய் நிறுத்திருக்க பாரு! தமிழ்க்காரின்னு வெளிய சொல்லிராத!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.  அபி ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதை நான் கவனித்தேன். குற்றம் செய்தவள் திணறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"விடு செல்வி, சின்னப் புள்ள" என்றார் அண்ணன்.

4

மறுநாள் அண்ணனைக் கணேசனோடு கடையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்தது மொழித் தவறு, அந்தச் சீட்டை மாற்றித் தாருங்கள் என்று கேட்பதற்காக. அண்ணனை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன் என்று ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்ற பயமும் எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்.

அந்தச் சீட்டை எழுதிய கவுன்சலர் பெண் ஏதோ முகாமுக்குப் போயிருந்தாள், மதியம்தான் வருவாள். கவுண்டரில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது சிஸ்டத்தில் கேறிப்போயி சேச்சி. இனி மாற்றான் பற்றில்ல" என்றார். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதாம், மாற்ற முடியாதாம். தப்பாக ஏறியிருந்தாலும்? தப்பாக ஏறியிருந்தாலும்தான். சூப்ரண்டுக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். மலையாளத்திலோ இங்கிலீஷிலோ எழுத வேண்டும். தமிழில் எழுதினால் படிக்க ஆள் இல்லை.

இருபத்தைந்து வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறேன். கடைக்கணக்கு, மருந்துச் சீட்டு எல்லாம் மலையாளத்தில் படிப்பேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். பெஞ்சில் உட்கார்ந்து நான்கு வரி எழுதி நான்கையும் அடித்தேன். திரும்பக் கவுண்டருக்குப் போய், "ஒரு வார்த்தைதான் சார் பிரச்சினை. எதிர்பார்ப்பு வேற, பிரதீக்ஷ வேற" என்றேன்.

அவர் கிண்டலாக இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "பின்னே தமிழில் பிரதீக்ஷய்க்கு எந்தா பறயுக?"

பிரதீக்ஷக்குத் தமிழில் என்ன சொல்வது என்று. 

நம்பிக்கை என்று சொல்லலாம். ஆனால் அண்ணனிடம் "நம்பிக்கை இருக்கா" என்று கேட்டால், "முருகன்மேல நெறைய இருக்கு" என்பார். நம்பிக்கை இல்லையா என்று கேட்டால், "ஏன், யாரு என்ன ஏமாத்துனா?" என்பார். விரக்தி என்று சொல்லலாம். அது பத்திரிகையில் படிக்கிற சொல். யாரும் வீட்டில் உட்கார்ந்து எனக்கு விரக்தியாக இருக்கிறது என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. வெறுத்துப்போச்சு என்போம். அதைக் கரண்ட் போனாலும் சொல்வோம், கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானாலும் சொல்வோம். மனசு விட்டுப்போச்சு என்போம். அது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அதைச் சொன்ன யாரிடமாவது, 'எந்த அளவுக்கு விட்டுப்போச்சு?' என்று நாம் கேட்டிருக்கிறோமா? "எல்லாஞ் சரியாப் போவும்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவோம்.

மகளுக்குத் தெரியவில்லை என்று ஆட்டோவில் அத்தனை கத்து கத்திய எனக்கும் தெரியவில்லை. எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல். கவுண்டர்மேல், கம்ப்யூட்டர்மேல், ஓயாமல் பெய்கிற மழைமேல், மஸ்கட்டில் இருக்கும் சதீஷ்மேல், வண்டியை விற்ற முதலாளிமேல்.

மதியம் கவுன்சலர் வந்தாள். ஸ்மிதா என்று பெயர். அபியைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவளாக இருப்பாள். நனைந்த குடையை மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்து உட்காரச் சொன்னாள். நான் தயார் செய்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். எதிர்பார்ப்பு, பெருந்தன்மை, பெண் கேட்டு வருவது வரைக்கும்.

அவள் முழுவதையும் கேட்டாள். "சேச்சி, ஞான் ஒரு வாக்கு கேட்டிட்டு எழுதியதல்ல" என்றாள். ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு எழுதியதல்ல. பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "மோள் வீட்டில் ஒண்ணும் பறஞ்ஞில்லே?" என்று கேட்டாள். மகள் ஒன்றும் சொல்லவில்லையா?

"என்ன சொல்லணும்?"

"மோளோடு சோதிக்கு சேச்சி" என்றாள். அவளிடமே கேளுங்கள் என்று. "இன்னைக்கே. சீட்டு மாத்தண்டா. நாளைக்கு அவரைக் கொண்டுபோ." எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகக் கடைசியில் அவளுக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்துச் சொன்னாள்.

5

அபிக்குப் போன் செய்து உடனே வரச்சொன்னேன். அவள் வந்து சேரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். உள்ளே அண்ணன் டி.வி. முன்னால் இருந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?"

அவள் பையைக் கீழே வைத்தாள். இடது கையை நீட்டினாள். அண்ணனின் பழைய கைக்கடிகாரம் அவள் மணிக்கட்டில் இருந்தது. அதை நான் போன வாரமே பார்த்திருந்தேன். மாமா மருமகளுக்கு ஆசையாகக் கொடுத்தது என்று நினைத்து, சந்தோஷம்கூடப் பட்டேன்.

"இது தரும்போது என்ன சொன்னாங்க தெரியுமா? எனக்கு இனி நேரம் பாக்க வேண்டியது ஒண்ணும் இல்லன்னு. பின்னே கேட்டாங்க..." அவள் நிறுத்தினாள். "நான் இல்லாம ஆனா உங்கம்மா ரொம்ப நாள் அழுவாளான்னு."

 படியில் உட்கார்ந்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. அதான் அந்தக் கவுன்சலர்கிட்ட சொன்னேன். எதிர்பார்ப்புன்னு கேட்டது தப்பா இருக்கலாம். எனக்கு அந்த வாக்கு தெரியல. ஆனா அது முடிஞ்சு நான் வாட்ச் காட்டி மலையாளத்துல எல்லாம் சொன்னேன். மாமாக்குப் புரியல, என்ன சொல்றேன்னு." அவள் கண் நிறைந்துவிட்டது. "ஆட்டோல மாமா நடுவுல இருந்தாங்க. எப்படி உங்கிட்ட பறய முடியும்? நீ சும்மா கத்திட்டே இருந்தே."

அவளை இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.  மேரி சேச்சி பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு நான் உள்ளே போனேன். டி.வி.யை அணைத்தேன். அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்லால் கேட்பது என்று அன்று முழுவதும் தேடியவள், ஒரு சொல்லையும் தேடாமல் கேட்டேன்.

"அண்ணே, செத்துப்போகணும்னு தோணுதா?"

 இதைக் கேட்டால் இல்லாத நினைப்பையும் நாமே உண்டாக்கிவிடுவோம் என்றுதான் நம் பக்கம் எல்லாரும் நினைக்கிறோம். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அணைந்த டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல முழிப்பு வருதுல்லா," என்றார் கடைசியில். "வந்த ஒடனே எதுக்குன்னு இருக்கு. பல்லு வெளக்கணும், எதுக்கு. சட்டைய மாத்தணும், எதுக்கு. நீ சோறு போடுத, ஒம் மொகத்துக்காக ரெண்டு வாய் திங்கேன். மத்தபடி எதுக்குன்னுதான் இருக்கு செல்வி." கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா. தோணுது" என்றார்.

நான் அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். அவர் கை என் தலையில் இருந்தது. "இதுக்குத்தான் ஒங்கிட்ட சொல்லல" என்றார். அபி வாசலிலிருந்து வந்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்து, "இவளுக்குத் தமிழ் பாதிதான் வெளங்கும்னு நெனச்சுத்தான் அவகிட்ட சொன்னேன். யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு" என்றார்.

"எனக்கு முழுசும் புரிஞ்சது மாமா" என்றாள் அபி.

6

மறுநாள் நான்கு பேரும் எர்ணாகுளத்துக்குப் போனோம். கணேசன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கேஸ் டிரபிள் என்று சொன்னதை நினைத்து வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பத்து நாள் போல வைத்திருந்தார்கள். பிறகு மாத்திரை, வாரம் ஒரு தடவை செக்கப். தமிழ்நாட்டு ஆதார், தமிழ்நாட்டு இன்ஷூரன்ஸ் கார்டு என்று ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு. அதே கவுண்டர், அதே டீ. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நடுவில் ஒரு மாதம் தூங்கித் தூங்கி விழுந்தார். மாத்திரையை மாற்றினார்கள்.

சதீஷுக்கு நான் போன் செய்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதலில், "அப்பா அப்படியெல்லாம் நெனைக்கற ஆளு இல்லயே அத்தை" என்றான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்றேன்.  இப்போது இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுகிறான். சில நாள் இருவருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் போனை வைப்பதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. நல்ல நாளும் இருக்கிறது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிற நாளும் இருக்கிறது. நானும் அபியும் வெட்கப்படாமல் கேட்கப் பழகிவிட்டோம். "இன்னைக்குத் தோணுச்சா?" என்று கேட்போம். "இல்ல", "கொஞ்சம்", "காலைல மட்டும்" என்று அவரும் காய்ச்சலுக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்கிறார். வெளிநாட்டுத் தோழிகளிடம் இதைச் சொன்னேன். தன் வீட்டிலும் கேட்க வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் கனடாக்காரி சொன்னாள்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் தடதடவென்று வீட்டுக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது. என்னவோ ஏதோ என்று நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன்.

"அவன் ஒரு கண்டக்டரா? நீயே சொல்லு. ஒரு கெழவி கைய நீட்டிக்கிட்டு நிக்கா. கையில ரெண்டு பையி. வண்டிய நிறுத்தாம மணியடிச்சுட்டுப் போறான். நான் பின்னால ஓடிப்போயி வண்டியத் தட்டுனேன். எறங்கி வந்து எங்கிட்ட என்னமோ சொல்லுதான். கெட்ட வார்த்தையாத்தான் இருக்கும், எல்லாவனும் சிரிக்கான். எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியல பாரு! நாக்கப் புடுங்கிக்கிடலாம்போல இருந்துச்சு. தெனமும் அதே நேரம்தான் அந்த வண்டி வருது. நாளைக்கு வரட்டும்."

சோபாவில் உட்கார்ந்திருந்த அபியிடம் திரும்பினார். "ஏட்டி, நாலு பேரு முன்னால ஒருத்தன நறுக்குன்னு கேக்கதுக்கு மலையாளத்துல என்ன சொல்லணும்? நல்ல வார்த்தையாச் சொல்லு. அவன் மறுபேச்சு பேசக்கூடாது."

"கெட்டதா வேணுமா, சுமாரா வேணுமா மாமா?"

"கெட்டதாவே சொல்லு."

அபி என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். 'ழ' சரியாக வரவில்லை என்று அவள் திருத்தினாள். அவர் எழுந்து நின்று, எதிரில் அந்தக் கண்டக்டர் நிற்பதுபோல் கையை ஓங்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். மேரி சேச்சி வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது.